எண்ணியது இருபது, இருந்தது பத்தொன்பது

அவரை நாங்கள் எண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. மாடிப்படி, சட்டைப் பொத்தான், சிக்னலில் முன்னால் நிற்கிற வண்டி, எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவார். சின்ன வயதில் மாவு மில்லில் மூட்டை தூக்கினாராம். மேஸ்திரி எண்ணுகிற எண்ணிக்கையும் தூக்குகிறவன் எண்ணுகிற எண்ணிக்கையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. அங்கே பிடித்த பழக்கம். மில்லை மூடி எத்தனையோ வருஷம் ஆகிறது, பழக்கம் மட்டும் இவரோடு கிளம்பி வந்துவிட்டது.

அவர் மனைவி எனக்கு அண்ணி முறை மாதிரி. "எண்ணியும் அண்ணியும் சௌக்கியமா?" என்று வண்டி நிற்கிற இடத்தில் யாராவது கேட்காத நாள் கிடையாது. "அண்ணி சௌக்கியம். எண்ணி உன்னை மாதிரி எத்தனை பேருன்னு எண்ணிக்கிட்டிருக்கான்" என்பார். கோபம் வராத மனுஷன். ஒரே மகள், கட்டிக்கொடுத்து வேறு ஊரில் இருக்கிறாள். வீட்டில் இரண்டு பேர்தான்.

எங்கள் வேலையைச் சொன்னால் பலருக்குப் புரியாது. கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் வாராவாரம் டேப்பில் நகல் எடுக்கும். பாட்டு கேட்கிற டேப் இல்லை. உள்ளங்கையில் அடங்குகிற சதுரப் பெட்டி, உள்ளே நாடா. நாளைக்கே அங்கே தீப்பிடித்தாலும் நகல் வேறு இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும் இல்லையா? அந்த வேறு இடம்தான் எங்கள் கிடங்கு. ஊருக்கு வெளியே, ஜன்னல் இல்லாத கட்டடம், கோடையிலும் உள்ளே ஸ்வெட்டர் போடுகிற குளிர். டேப்பை அங்கே கொண்டுபோவதும் கேட்டால் திருப்பிக் கொண்டுவந்து தருவதும் நாங்கள். நான் வண்டி ஓட்டுவேன். எண்ணி பெட்டிக்காரர். ஒன்பது வருஷம் ஒரே வண்டி.

வண்டியில் இரண்டு பேர் போவதற்குக் காரணம் உண்டு. ஒருவர் இறங்கினால் இன்னொருவர் உள்ளே இருக்க வேண்டும். டேப் ஏற்றிய வண்டி ஒரு நிமிஷம்கூடத் தனியாக நிற்கக் கூடாது. வேலையில் சேர்ந்த அன்றைக்கு முதலில் சொன்னது இது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

டேப்பை வாங்குகிறதற்கும் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு டேப்பின் முதுகிலும் நம்பர் லேபிள் இருக்கும். பெட்டிக்காரர் டேப்பைக் கையில் எடுத்துக் கடைசி மூன்று எண்ணைச் சத்தமாகப் படிப்பார். கொடுக்கிறவர் தன் பட்டியலில் அந்த எண்ணைத் தேடி டிக் போடுவார். எல்லாம் முடிந்ததும் டேப்புகளை அடுக்கிய பெரிய பெட்டியை மூடி, நம்பர் போட்ட பிளாஸ்டிக் சீலை இழுத்து மாட்டி, சீல் நம்பரைச் சீட்டில் எழுத வேண்டும். மாட்டின சீல் அறுக்காமல் கழலாது.

இது நடந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் கடைசி எடுப்பு. நான் கீழே வண்டியில் இருந்தேன். மேலே நடந்தது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியின் டேப் மிஷின் ஆள் உயர அலமாரி போல இருக்கும். உள்ளே ஒரு இயந்திரக் கை டேப்புகளை எடுத்து எடுத்து வைக்கும். வெளியே அனுப்ப வேண்டியவை முன்பக்கத்தில் வாய் மாதிரி ஒரு திறப்பில் வந்து நிற்கும். அதைப் பார்த்துக்கொள்கிற டேப்காரர் அன்றைக்கு எரிச்சலில் இருந்தாராம். "காலையிலேர்ந்து மக்கர் பண்ணுது. நீங்க வேற கழுத்துல உட்காருங்க" என்று வாயிலிருந்து எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கிறார்.

எண்ணி முதல் டேப்பைக் கையில் எடுத்தார். அப்போது போன் அடித்தது. அண்ணி.

"குளியலறையில விழுந்துட்டேங்க. தலை சுத்துது. எழுந்திரிக்க முடியலை."

அவ்வளவுதான். கைபேசி அவள் கையிலிருந்து நழுவிய சத்தம் கேட்டதாம்.

எண்ணி கையிலிருந்த டேப்பைத் திரும்ப வைத்துவிட்டு, பெட்டிக்குள் விரலை ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று. இருபது.

"இருபதுதானே?" என்றார் டேப்காரர்.

"இருபது."

"அப்ப சரி" என்று பட்டியலில் மேலிருந்து கீழே ஒரே கோடு இழுத்துவிட்டார்.

ஒன்பது வருஷத்தில் எண்ணி படிக்காமல் எண்ணியது அந்த ஒரு தடவைதான். இழுத்த வேகத்தில் சீல் அறுந்தது. இன்னொன்று மாட்டினார். சீட்டில் எழுதின நம்பரை அடித்துவிட்டு மேலே புதிதாக எழுதினார். அறுந்த சீலைக் கொண்டுவந்து சீட்டோடு சேர்த்துக் குத்த வேண்டும். அதை அங்கேயே குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடிவந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"டிரைவரே, வீட்டு வழியா எடு."

"பெட்டி இருக்கே அண்ணே?"

"எடுய்யா!"

எடுத்தேன். அவர் வீடு எங்கள் வழியிலிருந்து இரண்டு திருப்பம்தான். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நான் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் மேலே ஜன்னலிலிருந்து அவர் தலை நீண்டது.

"கதவு உள்பக்கமா திறக்குது! அவ கதவுக்குக் குறுக்க கிடக்கா! ஒத்தையா முடியலை, வா!"

நான் பின்கதவைப் பூட்டினேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன். நாலு எட்டு போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன். பிறகு படியேறினேன்.

நான் குளியலறைக் கதவை மெல்ல மெல்ல நெம்ப, அவர் இடுக்கில் கையை விட்டு அண்ணியின் தோளை நகர்த்தினார். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி கிடைத்தது. அண்ணி கண்ணைத் திறந்தாள். முதலில் அவரைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

"எதுக்கு ரெண்டு பேரும் வந்தீங்க? வண்டியை யார் பார்க்கறது?"

அந்த நிலைமையிலும் அவளுக்கு அது தோன்றியது. எங்கள் விதி அவளுக்கும் மனப்பாடம்.

கட்டிலில் படுக்கவைத்தோம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் பார்த்துக்கறேன், நீங்க போங்க. ஆம்பளைங்க நின்னு கையைப் பிசையறதுல என்ன ஆகப்போகுது?" என்று துரத்தினாள். கீழே வந்தோம். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது, பூட்டு பூட்டாகவே இருந்தது. எண்ணி பெட்டிகளை எண்ணினார். ஒன்பது.

"சரியா இருக்கு. எடு."

கிடங்கில் பெட்டிகளை வாங்குகிறவர் ஒரு மேடம். எங்களுக்கு அவர்தான் அதிகாரி. அதிகம் பேச மாட்டார். சீலை அறுப்பார், டேப்பை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேனர் முன் காட்டுவார். சரியான டேப் என்றால் சின்னதாக ஒரு பீப். எட்டுப் பெட்டி ஒழுங்காகப் போனது. ஆஸ்பத்திரிப் பெட்டியில் ஏழாவது டேப்புக்கு ஸ்கேனர் நீளமாகக் கத்தியது.

மேடம் அதைத் திருப்பிப் பார்த்தார். "இது கிளீனிங் டேப்."

கிளீனிங் டேப் என்பது மிஷினின் உள்ளே அழுக்கைத் துடைக்கிற டேப். பார்க்க மற்ற டேப் மாதிரியே இருக்கும். லேபிளில் நம்பருக்கு முன்னால் மூன்று எழுத்து இருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். அதில் ஒரு தகவலும் இருக்காது. பட்டியலில் இருந்த ஒரு டேப், 941, பெட்டியில் இல்லை.

"எண்ணிப் பார்த்தீங்களா, இல்லையா?" என்று கேட்டார் மேடம்.

"எண்ணினேன் மேடம்" என்றார். மேஜை மேலிருந்த அந்த டேப்பைப் பார்த்தார். "பார்க்கலை."

வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மேடம் சீட்டை எடுத்தார். அடித்துத் திருத்திய சீல் நம்பரின் மேல் விரலை வைத்தார். நடுவழியில் பெட்டியைத் திறந்து வேறு சீல் மாட்டியிருந்தாலும் சீட்டு இப்படித்தான் இருக்கும். "அறுந்த சீல் எங்கே?" எண்ணி, குப்பைக் கூடையில் போட்டதைச் சொன்னார். மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். வண்டி எங்கே போனது, எங்கே எத்தனை நிமிஷம் நின்றது எல்லாம் அதில் கோடாக வரும்.

"வழியை விட்டு விலகி பதினோரு நிமிஷம் நின்னிருக்கு. எதுக்கு?"

எண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "டயர்ல காத்து குறைஞ்ச மாதிரி இருந்தது மேடம். ஓரமா நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். இவர் வண்டியிலதான் இருந்தார்."

பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக வந்தது. எண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். டேப்காரர் தன் திரையைப் பார்த்துவிட்டு, "941 வெளியே போயாச்சுன்னு காட்டுது. இருபதுன்னு உங்க ஆள் கையெழுத்தும் இருக்கு. இனிமே அது உங்க பாடு" என்று வைத்துவிட்டார்.

"விஷயம் புரியுதா?" என்றார் மேடம் எங்களிடம். "இந்த ஆஸ்பத்திரி டேப்புக்கு ரகசியப் பூட்டு கிடையாது. பழைய மிஷின். கையில கிடைச்சவன் போட்டுப் படிச்சுக்கலாம். யாருக்கு என்ன நோய், எந்தத் தெரு, என்ன போன் நம்பர், எல்லாம். யாரோ ஒண்ணை உருவிட்டு, எண்ணிக்கை குறையாம இருக்க இதைச் சொருகியிருக்காங்க. கிளீனிங் டேப் ஆஸ்பத்திரியிலயும் இருக்கும், நம்ம கிடங்குலயும் இருக்கு. எண்ணிக்கை சரியா இருந்தா போதும்னு தெரிஞ்ச ஆள் செஞ்ச வேலை."

யாரைச் சொல்கிறார் என்று சொல்லவில்லை. ஊரெல்லாம் எண்ணி எண்ணி என்று கூப்பிட்ட ஆளுக்கு அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

மறுநாள் காலை பத்து மணிக்குள் ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் அறிக்கை போக வேண்டும். வண்டி தனியாக நிற்கவில்லை என்றால் கம்பெனிக்குள்ளேயே விசாரணை, எங்களையும் கிடங்கையும் குடைவார்கள். நின்றது என்றால் விஷயம் வெளியே போகும், போலீஸ் வரும்.

மத்தியானம் முழுக்க வண்டியைப் பிரித்துப் போட்டோம். சீட்டைக் கழற்றினோம், விரிப்பைத் தூக்கினோம். கிடைத்தது உடைந்த சீப்பு ஒன்று, பேனா மூடி நாலு, என் மூத்தவனின் பள்ளிக்கூட அடையாள அட்டை. அதைத் தொலைத்ததற்காக அவனை அடித்திருக்கிறேன்.

சாயங்காலம் அவரை வீட்டில் விட்டேன். அண்ணியைப் பார்க்க நானும் மேலே போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மறைக்க முடியவில்லை, அவர் முகமே சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்றாள்.

சொன்னார்.

"என் பேரும் அதுல இருக்குமா?"

அவள் இரண்டு வருஷமாக அங்கேதான் வைத்தியம் பார்க்கிறாள். காதுக் கோளாறு, அதனால்தான் தலை சுற்றுகிறது என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தாள். உண்மையில் என்ன என்று எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்னிடம்கூடச் சொன்னதில்லை.

"இருக்கும்" என்றார்.

அண்ணி போர்வையை நெஞ்சுவரைக்கும் இழுத்துக்கொண்டாள். "நான் போன் பண்ணாம இருந்திருக்கணும்."

"சும்மா இரு. விழுந்தவ கூப்பிடாம என்ன பண்ணுவா? எண்ணத் தெரிஞ்ச எனக்குப் படிக்கத் தெரியலை. அது உன் தப்பா?"

படியிறங்கும்போது கூடவே வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றார்.

"டிரைவரே, நாளைக்குச் சொல்லிடப் போறேன்."

"என்னத்தை?"

"வண்டி தனியா நின்னதை."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உங்களுக்குப் பைத்தியமா அண்ணே? நான் ஒண்ணு சொல்லியாச்சு. நீங்க இப்ப வேற சொன்னா முதல்ல போறது நான். எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு இருங்க. பூட்டு பூட்டினபடி இருந்தது. யாரும் எடுக்கலை."

"பூட்டினபடிதான் இருந்தது. அந்தப் பதினோரு நிமிஷத்துல நாம ரெண்டு பேரும் மேல இருந்தப்ப என்ன நடந்ததுன்னு நீ பார்த்தியா? நான் பார்த்தேனா?" குரலை உயர்த்தவே இல்லை. "நம்ம பேச்சை நம்பி அவங்க கிடங்கையே குடைஞ்சுக்கிட்டு இருப்பாங்க. வெளியில எடுத்தவன் ஒருத்தன் இருந்தா, நிதானமா உட்கார்ந்து ஒவ்வொரு பேரா படிப்பான். உன் வீட்டுக்காரி பேரு அதுல இருந்தா நீ என்ன பண்ணுவே?"

"எவனும் எடுக்கலைன்னு சொல்றேனே!"

"அப்ப எங்கய்யா அது?"

நல்லபடியாகப் பிரியவில்லை அன்றைக்கு. "உங்க நேர்மையை உங்க வீட்டுல வெச்சுக்குங்க, என் தலையில கொண்டுவந்து இறக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். காலையில் அவருக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

வந்துவிட்டார். எனக்கு முன்னாலேயே மேடத்தின் மேஜை முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் நுழைந்தபோது பாதி சொல்லியாகிவிட்டது. போன் வந்தது, படிக்காமல் எண்ணியது, கதவு, அண்ணி, இரண்டு பேரும் மேலே போனது. ஒன்றைக்கூட விடவில்லை. "டிரைவர் வரமாட்டேன்னுதான் இருந்தான். நான்தான் கத்திக் கூப்பிட்டேன்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

மேடம் என்னைப் பார்த்தார். "டயர்?"

"இல்லை மேடம்."

அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அறிக்கையை அடித்து அனுப்பிவிட்டு அவரே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். எங்கள் கைபேசிகளை வாங்கி வைத்துக்கொண்டு வாசல் பக்கத்து இரும்பு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தோம். காவல்காரர் எங்களை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்பது போல நின்றார். பெஞ்சின் இந்தக் கோடியில் நான், அந்தக் கோடியில் எண்ணி. எதிரே கம்பிவேலி, அதற்கு அப்பால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. எப்போதும் அவர் உதடு அசையும், லாரியை எண்ணுவார். அன்றைக்கு அசையவில்லை. ஒரு தடவை மட்டும், "கைபேசி இல்லை. அவ கூப்பிட்டா என்ன பண்ணுவா?" என்றார். எனக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

மேடம் திரும்பி வந்தபோது பன்னிரண்டேமுக்கால் இருக்கும். காரிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார்.

"மிஷினுக்குள்ளேயே இருக்கு."

எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். முந்தின நாள் காலை மிஷின் மக்கர் பண்ணியபோது டேப்காரர் கிளீனிங் டேப்பைப் போட்டிருக்கிறார். 941 உள்ளே சிக்கிக்கொண்டது. மிஷின் அதற்குப் பதில் கிளீனிங் டேப்பை வாய்க்குத் தள்ளியிருக்கிறது. இருபது வந்து நின்றதும் டேப்காரர் எல்லாவற்றையும் வெளியே போனதாகக் கையால் பதிந்துவிட்டார். அதனால்தான் திரையில் அப்படிக் காட்டியது. மிஷினைத் திறந்து பார்க்கச் சொல்லி மேடம் முதல் நாளே கேட்டிருக்கிறார். திறந்தால் இரண்டு மணி நேரம் வேலை நிற்கும், வண்டியில்தான் போயிருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். வண்டி தனியாக நின்றது என்று எழுத்தில் போனதும் அவர்களுக்கும் வேறு வழியில்லை. போலீசுக்குப் போவதற்கு முன்னால் தங்கள் பக்கம் ஒவ்வொரு இடுக்கையும் கையால் சரிபார்க்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். திறந்தார்கள். இருந்தது.

எண்ணி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். நான் அவர் முதுகில் ஓங்கி அறைந்தேன், சந்தோஷத்தில்தான். முந்தின நாள் கோபமும் அதில் கொஞ்சம் இருந்திருக்கும்.

"பேரு எதுவும் வெளிய போகலையே மேடம்?" என்றார், கையை எடுக்காமல்.

"போகலை."

"ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

மேடம் தன் கைபேசியை நீட்டினார். அவர் வாங்கி அண்ணியின் நம்பரை அழுத்தி, "ஒண்ணும் ஆகலை. உன் பேரு பத்திரமா இருக்கு" என்றார். எதிர்முனையில் என்ன சொன்னாளோ, "சரி, சரி, அழாதே, தலை சுத்தும்" என்று வைத்துவிட்டார்.

நான், எல்லாம் முடிந்தது, வண்டியை எடுக்கலாம் என்று எழுந்தேன். மேடம் நகரவில்லை.

"டேப் கிடைச்சாச்சு" என்றார். "பதினோரு நிமிஷம் கிடைக்கலையே."

எனக்குக் கடைசி எச்சரிக்கை என்று ஒரு கடிதம். பொய் சொன்னதற்குத் தனியாக ஒரு பத்தி. எண்ணியை வேலையை விட்டு அனுப்பவில்லை. தானாக வந்து சொன்னார் என்று மேடம் மேலே பேசியிருக்கிறார். ஆனால் வண்டி கிடையாது. இனிமேல் கிடங்குக்குள், டேப் வாங்குகிற மேஜையில்.

நல்ல வேலைதான், வெயில் இல்லை, அலைச்சல் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த அறைக்குள் கைபேசி கொண்டுபோகக் கூடாது. வாசலில் பூட்டி வைத்துவிட்டு, சாயங்காலம்தான் எடுக்கலாம். அதைக் கேட்டபோது எண்ணி மேடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டிவிட்டார்.

இப்போது என் பக்கத்தில் வேறு ஒருவர் உட்காருகிறார். எங்கள் தொழிலில் புதியவர் இல்லை, ஆனால் வாயே திறக்காத ஆசாமி. அண்ணிக்கு என் நம்பரைக் கொடுத்திருக்கிறோம். அவள் கூப்பிட்டால் நான் தையல்காரம்மாவுக்குச் சொல்ல வேண்டும், கிடங்கு வாசலுக்கும் சொல்ல வேண்டும். வண்டியை மட்டும் திருப்பக் கூடாது. எண்ணி அதை என்னிடம் மூன்று தடவை சொல்லி வாக்கு வாங்கிக்கொண்டார்.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி ஏற்றிக்கொண்டு வரும்போது அவள் நம்பர் மின்னியது. சரியாக அவள் வீட்டுக்குத் திரும்புகிற இடத்துக்கு முன்னால். ஓரமாக ஒதுக்கி எடுத்தேன்.

"தம்பி, அவர் கண்ணாடியை இங்கேயே வெச்சுட்டுப் போயிட்டார். கண்ணாடி இல்லாம அந்த லேபிளை எப்படிப் படிப்பார்?"

"நான் வாசல்ல சொல்லிடறேன் அண்ணி. நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?"

"இருக்கேன், இருக்கேன். நீ வண்டியைப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

இன்டிகேட்டரைப் போட்டுவிட்டு, கிடங்கு வாசலுக்குப் போன் போட்டுக் கண்ணாடி விஷயத்தைச் சொல்லி முடிக்கிறவரைக்கும் அங்கேயே இருந்தேன். கிடங்கின் திரையில் வண்டி நின்றது எத்தனை நிமிஷம் என்று வந்திருக்கும்.